நாற்பத்தோராம் பக்கத்துப் பென்சில் எழுத்து

தாய் ஏன் மகளை ஏசினாள் என்பதுதான் கேள்வி.

பாடத்தில் ஒரு சிறுமி கடற்கரையில் ‘ஷெல்’ பொறுக்குகிறாள். சட்டையை ஏந்திப் பிடித்து, மடி நிறையப் பொறுக்குகிறாள். தாய் ஓடி வந்து ஏசுகிறாள். புதுச்சட்டை நனைந்துவிட்டது என்று இரண்டு வரி தள்ளித் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

அன்ரன் சேர் எழுந்து நின்று பதில் சொன்னார். அவர் எழும்பத் தேவையில்லை. ஐம்பது தாண்டியவர், விஞ்ஞானப் பட்டதாரி, பள்ளிக்கூடத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் படிப்பிக்கிறவர். நான் உயர்தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினவள். அவர் எழும்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருக்கும்.

“அது வெடிச்சிடும் எண்ட பயத்திலதான் ரீச்சர் தாய் ஏசினவ.”

“என்ன சேர் வெடிக்கும்?”

“ஷெல்.”

நான் கரும்பலகையைப் பார்த்தபடி மூச்சு விட்டேன். “சேர், நீங்கள் இந்தத் தோட்டவெளியில பிறந்து வளந்தனீங்கள். கடற்கரையில ஒரு பிள்ளை என்னத்தைப் பொறுக்கும்?”

“சிப்பி. சோகி.”

“பிறகேன் எறிகணை எண்டு சொல்றியள்?”

“எனக்கும் முதல் சிப்பி எண்டுதான் பட்டது. ஆனா பென்சில் எறிகணை எண்டெல்லோ சொல்லுது.”

வகுப்பில் மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். வங்கியில் வேலை செய்யும் கலா ஒரு படி மேலே போனாள். “யுத்தம் முடிஞ்ச நாடா இருக்கலாம் ரீச்சர். ஐரோப்பாவிலயும் எத்தினை சண்டை நடந்தது!”

வெளியே சோளகக் காற்று மணலை அள்ளி ஜன்னலில் அடித்தது. எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. வீட்டிலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. அன்று மட்டும் சோக்கட்டியை இரண்டாக முறித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

பென்சில் என்பவர்

இந்த வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார் நகரத்தில் நான் தட்டச்சு வேலை பார்த்த நிவாரணக் கந்தோர் மூடப்பட்ட பிறகு, தோட்டவெளியில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கேட்டார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு என்று நினைத்து ஓம் என்றேன். போய்ப் பார்த்தால் எல்லோரும் பெரிய ஆட்கள். எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். கடிதம் எழுதுவார்கள், செய்தி கேட்பார்கள். ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு கருத்தில் வரும்போது மட்டும் தடுக்கி விழுவார்கள். அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

அவர்களிடம் ஒரே புத்தகத்தின் போட்டோக்கொப்பி இருந்தது. பச்சை அட்டையில் வந்த பழைய வாசிப்புப் பயிற்சிப் புத்தகம். அசல் இப்போது கடைகளில் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள நிசாம் நானாவின் கடையில் கொப்பி எடுத்து, கம்பிச் சுருள் போட்டுக் கொடுப்பார்கள்.

அந்தக் கொப்பியில்தான் பென்சில் இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ அசல் புத்தகத்தில் ஒவ்வொரு கடினச் சொல்லுக்கு மேலும் தமிழ்க் கருத்தைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். கொப்பி எடுத்தபோது அதுவும் சேர்ந்தே வந்துவிட்டது. கொப்பியிலிருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொன்று என்று மங்கி மங்கி, பல ஊர் சுற்றியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. அண்ணன் படித்த புத்தகத்தில் தம்பி படிப்பான். அண்ணன் பென்சிலால் எழுதியது தம்பிக்கு அச்சில் உள்ளதைவிடப் பெரிது. அச்சடித்தவனை யாருக்கும் தெரியாது. பென்சில் பிடித்தவன் பரீட்சை எழுதி வந்தவன்.

இந்தப் பென்சிலின் சொந்தக்காரர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், கம்பஸில், படிப்பித்த ஒரு சேர் என்றும், இப்போது கனடாவில் இருக்கிறார் என்றும் அன்ரன் சேர் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எழுத்தைப் பாத்தா விளங்கும்தானே ரீச்சர்” என்றார்.

நான் அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. என்னிடம் இருந்தது கந்தோரில் யாரோ விட்டுப்போன சுத்தமான புத்தகம். வளர்ந்த மனிதர்களின் தோளுக்கு மேலால் குனிந்து அவர்கள் கொப்பியைப் பார்க்க எனக்குக் கூச்சம். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நின்று படிப்பித்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகு தெரிந்தது.

“எழுதித் தாங்கோ”

ஒரு சொல்லுக்கு என்ன கருத்து என்று கேட்டால், “இந்த இடத்தில் இது” என்றுதான் என்னால் சொல்ல முடியும். இந்தப் பதிலை அவர்கள் வெறுத்தார்கள்.

“எல்லாக் கருத்தையும் ஒருக்கா எழுதித் தாங்கோ ரீச்சர், பாடமாக்கிறம்.”

“பாடமாக்கி என்ன செய்வியள்? எது பொருந்தும் எண்டு எப்பிடித் தெரியும்?”

“முதலாவதைப் போடுவம்.”

ஒரு சனிக்கிழமை பொறுமை போய், ‘ரன்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்துவரச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் இருக்கும்; அதைக் கண்டாவது பாடமாக்கும் ஆசையை விடுவார்கள் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அன்ரன் சேர் ஒன்றரைப் பக்கத்தையும் மூன்று நிறப் பேனையால் எழுதி, இலக்கம் போட்டு, மற்ற எல்லோருக்கும் கொப்பி எடுத்துக்கொண்டு வந்தார். மணியான எழுத்து. எனக்கு அழுகை வந்தது.

நான் கற்ற விதம் வேறு. கந்தோரில் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு அதிகாரி ஒரு பெண்மணி என் மேசைக்கு வந்து, முகாமில் ஏதாவது ‘இஷ்யூ’ இருக்கிறதா என்று கேட்டார். நான் ஓடிப்போய்ப் போர்வை கொடுத்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பொருட்கள் கொடுப்பதற்கு எங்கள் களஞ்சியத்தில் அதுதான் பெயர். அவர் கேட்டது பிரச்சினை ஏதும் உண்டா என்று. அவர் சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, பொறுமையாக ஒரு பக்கம் வாசித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார். அவர் சிரித்திருந்தால் நான் மறந்திருப்பேன். இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் காது சுடுகிறது.

அப்படி ஒவ்வொரு சொல்லாக வெட்கப்பட்டுப் படித்தேன். அதை எப்படி எழுதிக் கொடுப்பது?

கழுதை செய்த உபகாரம்

மன்னார்க் கழுதைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் நிற்பதும், கடதாசி தின்பதும் அவற்றின் உரிமை. ஒருநாள் கலா சைக்கிள் கூடையில் வைத்த கொப்பியை ஒரு கழுதை பதினெட்டாம் பக்கம் வரை தின்றுவிட்டது.

எனக்கு உள்ளூரச் சந்தோசம். பென்சில் இல்லாத என் புத்தகத்தை அவளிடம் கொடுத்து, இதில் கொப்பி எடுங்கோ என்றேன். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தாள். கையில் புதிய கொப்பி. திறந்தால், பென்சில்.

“நானாட்ட ஒண்டு றெடியா இருந்தது ரீச்சர்.”

அடுத்த நாளே நான் நிசாம் நானாவின் கடைக்குப் போனேன். கடைக்காரரோடு வழக்குப் பேசுவது எனக்குச் சாதாரண விஷயமில்லை. போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். “நானா, இந்தச் சுத்தமான புத்தகத்தில எடுத்து வில்லுங்கோ. மற்றதில பிழை நிறைய இருக்கு.”

நல்ல மனிதர். உடனே பத்துக் கொப்பி எடுத்து அடுக்கினார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது பத்தும் அப்படியே இருந்தன. மேலே தூசி.

“வெறுங்கொப்பியை ஆர் தங்கச்சி வாங்குவினம்?” என்றார். “பென்சில் இருக்கோ எண்டுதான் முதல் கேள்வி.”

சிபானா

வகுப்பில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தவர் சிபானா. ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மறிச்சுக்கட்டிக்காரி. சின்ன வயதில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் முகாமில் படித்து, பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி வந்த குடும்பம். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலப் பரீட்சை மட்டும் பாக்கி. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் வாசிப்புப் பகுதியில் விழுந்திருந்தாள். மூன்றாவது முறையும் விழுந்தால் அந்த இடம் வேறு ஒருவருக்கு என்று எழுதி அறிவித்துவிட்டார்கள்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு மாதிரிப் பாடம் செய்யக் கொடுத்தேன். பச்சைப் புத்தகத்தில் வரும் ஒரு பந்தி. நோயாளியின் வயிறு ‘ரென்டர்’ (tender) ஆக இருப்பதாக வைத்தியர் குறிக்கிறார். தொட்டால் நோகிறது என்று கருத்து. சிபானாவின் விடை: ஆஸ்பத்திரி கேள்விப்பத்திரம் கோரியது. சாமான் வாங்க விலை கேட்டு விடும் ரென்டருக்கு அதுதான் தமிழ்.

தாளை அவள் பக்கம் திருப்பினேன்.

“சிபானா, ஆஸ்பத்திரி வாட்டில நீங்கள் இந்தச் சொல்லை எழுதுறதில்லையோ?”

“ஒவ்வொரு நாளும் எழுதுறன் ரீச்சர். வயித்தை அமத்திப் பாத்திட்டு, ரென்டர் எண்டு நோயாளியின்ர ரிக்கெற்றில போடுறன்.”

“பிறகு?”

“வாட்டில தெரியுது. புத்தகத்தில வரேக்க பென்சிலைத்தான் பாக்கிறன்.” அவள் கொப்பியைத் திறந்தாள். “இங்க பாருங்கோ. நானோ எழுதினன்? இதிலதானே இருக்கு!”

எழுந்து வந்து கொப்பியை என் கையில் திணித்தாள். இவ்வளவு காலத்தில் அன்றுதான் அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது.

‘கேள்விப்பத்திரம்’ என்று சாய்ந்த எழுத்தில் இருந்தது. மங்கலாக. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யார் இந்த மடையன், மாவட்டக் கச்சேரிக் கந்தோரின் அறிவித்தல் பலகையில் பார்த்த சொல்லை வயிற்றுக்கு மேல் எழுதிவைத்தவன் என்று எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டினேன்.

நாற்பத்தோராம் பக்கம். ஓரத்தில், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு வரி.

‘செவ்வாய்: அம்மாவுக்குக் கண் மருந்து.’

அதற்குப் பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையின் அரை வட்டம்.

உயிலங்குளத்தில் ஒரு பென்சில்

அம்மாவுக்குக் கண்ணில் நீர் ஏறியிருந்த காலம் அது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது; எங்கள் ஊர் உயிலங்குளத்திலிருந்து நகரத்துக்கு வர இராணுவத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். மருந்து செவ்வாய்க்கிழமைகளில்தான் தருவார்கள். மறந்தால் அடுத்த கிழமைதான். அதனால் கையில் கிடைத்ததில் எல்லாம் எழுதிவைப்பேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பச்சைப் புத்தகம் ஒரு ஆசிரியர் இடம்பெயரும்போது விட்டுப்போனது. என்னிடம் அகராதி இல்லை. கேட்க ஆளும் இல்லை. தெரிந்த சொல்லுக்குத் தெரிந்த கருத்தை எழுதினேன். தெரியாததற்கு ஊகித்து எழுதினேன். வயலுக்குப் போய்விட்டு வந்து, கைகாலைக் கழுவி, முற்றத்தில் இருந்து எழுதுவேன். ‘ஷெல்’ என்றால் அந்த வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்? உயிலங்குளத்தில் சிப்பி இல்லை. மற்றது நிறைய விழுந்தது.

வேலை கிடைத்தபோது அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுச் சிநேகிதியிடம் கொடுத்தேன். பிறகு அவர்களும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். புத்தகம் போய்விட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அது போகவில்லை. எனக்கு முன்னால் ஐந்து கொப்பியாக இருந்தது. பல மாதமாக நான் சண்டை பிடித்தது என்னோடுதான்.

சொல்வதா, விடுவதா

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஏற்கனவே பட்டதாரிகள் முன்னால் உயர்தரக்காரியாக நின்று கூனிக் குறுகுகிறவள் நான். ஆனால் சிபானா இன்னும் எனக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

“இது என்ர எழுத்து” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அப்படி. இன்னொரு தரம் சொன்னேன்.

அன்ரன் சேர் சிரித்தார். “பகிடி விடாதேங்கோ ரீச்சர். இது கம்பஸ் ஆளின்ர எழுத்து.”

“இல்ல சேர். எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. அகராதியும் இல்ல. ஊகிச்சு எழுதினனான்.”

“அப்ப நாப்பத்தோராம் பக்கத்தில கண் மருந்து எண்டிருக்கே, அது என்ன சொல்லுங்கோ பாப்பம்?”

“அம்மாவின்ர கண்ணுக்கு மருந்து. செவ்வாய்க்கிழமை எடுக்கோணும்.”

அவர் முகம் மாறியது. “அது ஞாபகம் வச்சிருக்கிற சூத்திரம் எண்டெல்லோ நான் நினைச்சன். பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்தனான்.”

அப்போதும் கலா நம்பவில்லை. நான் கரும்பலகைக்குத் திரும்பி, இளம் வயதில் எழுதிய மாதிரியே வலப்பக்கம் சாய்த்து அந்த வரியை எழுதிக் காட்டினேன். கொப்பியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. அன்ரன் சேர் எழுந்து நின்றார். இந்த முறை உண்மையான மரியாதையோடு.

“அப்ப நீங்கள்தானோ அந்த ஆள்! ஏன் ரீச்சர் இவ்வளவு காலமும் சொல்லேல்ல? கடைசி இருபது பக்கமும் பென்சில் இல்லாமக் கிடக்கு. அதையும் ஒருக்கா எழுதித் தாங்கோவன்.”

மற்றவர்களும் கொப்பியை நீட்டினார்கள்.

நான் இவ்வளவு மாதம் தொண்டை கிழியச் சொன்னதற்கு இல்லாத மதிப்பு, பத்தொன்பது வயதில் கிறுக்கியதற்குக் கிடைத்தது. சிபானா மட்டும் கொப்பியை நீட்டவில்லை.

“அப்ப இதெல்லாம் பிழையோ?”

“எல்லாம் இல்ல. பாதி வரும்.”

“எந்தப் பாதி?”

“இடத்துக்கு இடம் பாக்கோணும்.”

“ரெண்டு தரம் இதை நம்பித்தான் ரீச்சர் போனன்” என்றாள். சத்தம் போடவில்லை. கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருக்கலாம்.

வெள்ளை

போட்டோக்கொப்பியில் அழிறப்பர் வேலை செய்யாது. அதில் பென்சிலும் அச்சுதான்.

மூன்றாம் நாள் மாலை சிபானா உயிலங்குளத்தில் என் வீட்டுக்கே வந்தாள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். பையைத் திறந்ததும் எழுத்தை மறைக்கிற ரிப்பெக்ஸ் வெள்ளையின் மணம் மூக்கில் ஏறியது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை என் எழுத்தைச் சொல் சொல்லாக வெள்ளை பூசி மறைத்திருந்தாள். சில இடங்களில் அச்சு வரியும் பாதி போயிருந்தது. பக்கங்கள் காய்ந்து, பிடித்தால் சரசரத்தன.

“இப்ப படிப்பியுங்கோ” என்றாள்.

விறாந்தையில் ஆளுக்கொரு கதிரையில் இருந்தோம். ஒரு சொல்லில் தடக்கினால் நான் கருத்துச் சொல்லமாட்டேன். வசனத்தை முடிக்கச் சொல்வேன். பிறகு முன் வசனம். பிறகு பின் வசனம். முதல் இரண்டு நாள் அவளுக்கு என்மேல் கொலைவெறி. “சொன்னா என்ன ரீச்சர் குறைஞ்சு போவீங்களோ?” என்று கேட்டாள். மூன்றாம் நாள், “வாட்டில நோயாளியைப் பாத்திட்டுத்தானே ரிக்கெற்றை எழுதுறன். இதும் அதுதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று பயம்.

பரீட்சை முடிந்து சில கிழமைகளில் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது. பின்னணியில் அவள் உம்மா யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். “பாஸ் ரீச்சர். மட்டுமட்டா. ஆனா பாஸ். அல்ஹம்துலில்லாஹ்.” அதை நான்கு தரம் கேட்டேன்.

புதுப் பதிப்பு

சிபானா வெளிநாடு போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு விண்ணப்பம் கொப்பி எடுக்க நிசாம் நானாவின் கடைக்குப் போனேன். முன்மேசையில் கம்பிச் சுருள் போட்ட கொப்பிகள் அடுக்கியிருந்தன.

“புதுசு தங்கச்சி” என்றார் நானா பெருமையாக. “நேர்ஸ் பிள்ளை பாஸ் பண்ணின கொப்பி. மச்சாளுக்குக் குடுத்திட்டுப் போனதாம். சூடாப் போகுது.”

ஒன்றை எடுத்தேன். திறந்து பார்த்தேன். என் எழுத்து இருந்த இடமெல்லாம் வெறுமை. அந்த வெறுமையில் சில இடங்களில் மட்டும் புதிய பென்சில். சின்ன, நேரான எழுத்து. கடற்கரைச் சிறுமியின் பக்கத்தில் ‘இந்த இடத்தில்: சிப்பி’ என்று இருந்தது. வயிற்றுக்கு மேல் ‘இந்த இடத்தில்: தொட்டால் நோ.’ எங்கே எழுதியிருந்தாலும் அந்த இரண்டு சொல்லையும் முன்னால் போட்டிருந்தாள்.

கொஞ்சம் மனம் ஆறியது. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒன்று பிழை. இருபத்தேழில் இன்னொன்று. கை தானாகப் பைக்குள் போய்ப் பென்சிலை எடுத்தது.

“திருத்தப் போறியளோ?” நானா ஆவலாக எட்டிப் பார்த்தார். “திருத்தினா அதை என்னட்டத் தாங்கோ தங்கச்சி. இனி அதிலயே எடுப்பம்.”

பென்சிலைப் பிடித்தபடியே பக்கங்களைத் தள்ளினேன். நாற்பத்தொன்று வந்தது. பக்கம் முழுக்க வெள்ளை பூசிய தடங்கள். ஓரத்தில் என் சாய்ந்த எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. கோப்பை வட்டமும் இருந்தது.

கடையில் நின்றபடியே சிபானாவுக்குச் செய்தி போட்டேன். நாற்பத்தோராம் பக்கத்தில் கண் மருந்தை மட்டும் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். அங்கே என்ன நேரமோ, உடனே பதில் வந்தது.

“அது ஒண்டுதான் ரீச்சர் பிழையில்லாதது.”

நான் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தைக் கொப்பி எடுக்காமலேயே பஸ்ஸுக்கு நடந்தேன்.